நாற்பது நிமிடப் புஷ்பம்

புஷ்பத்துக்கு நாற்பத்தேழு. வழக்கே அவ்வளவுதான்.

வயது இல்லை அது. வயது இருபத்தொன்பது. நாற்பத்தேழு என்பது அவளுடைய மனத்திறன் எண். மாவட்ட மையத்தில் தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டி, இருபது நிமிடம் படங்கள் காட்டி, கேள்விகள் கேட்டு, கடைசியில் ஒரு எண்ணைத் தாளில் அடித்துக் கையில் கொடுப்பார்கள். அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் நீங்கள் முழு மனிதர். நிலம் விற்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், கடன் வாங்கி ஏமாறலாம். அறுபதுக்குக் கீழே போனால் நீங்கள் 'காப்புக்கு உரியவர்'. உங்கள் சார்பில் ஒரு காப்பாளர் கையெழுத்துப் போடுவார். நீங்கள் சரி என்று சொன்னாலும் அது சரி ஆகாது. வேண்டாம் என்று சொன்னாலும் அப்படித்தான், ஆனால் அதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை.

இந்தச் சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு டாக்டர் ஒன்று சொல்வார், எதிர்த்தரப்பு டாக்டர் வேறு சொல்வார், நீதிபதி அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றை எழுதுவார். எண் என்று ஒன்று வந்துவிட்டால் இந்தக் கூத்து ஒழியும் என்று நம்பினேன். என் பெயர் சந்தனமாரி. தூத்துக்குடியில் இலவச சட்ட உதவி வக்கீல். பத்தொன்பது வருடமாகக் கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் கொஞ்சம் அதிகம் என்பார்கள். கொஞ்சம் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

மரிய புஷ்பம் ஒரு பேக்கரியில் மக்ரூன் போடுகிறவள். முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துத் தட்டில் பிழிய வேண்டும். பதினோரு வருடமாக அதே வேலை. அந்தப் பேக்கரிக்கு லோடு ஆட்டோவில் முந்திரி மூட்டை கொண்டுவருபவன் சூசை. முப்பத்துநாலு வயது, உப்பளத் தொழிலாளியின் மகன். இரண்டு பேரும் கல்யாணத்தைப் பதியப் போனார்கள். பதிவாளர் எண்ணைக் கேட்டார். நாற்பத்தேழு என்றதும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவர்கள் ஒரு வாடகை அறையில் ஐந்து மாதம் சேர்ந்து இருந்தார்கள். புஷ்பத்தின் அண்ணன் ஸ்டீபன் புகார் கொடுத்தார். போலீஸ் வந்து சூசையைக் கூட்டிப்போனது.

காப்புக்கு உரிய பெண்ணோடு உறவு வைத்தால் பத்து வருடம். அவள் சம்மதித்தாள் என்று அவன் சொல்வதற்கே இடம் கிடையாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவளிடம் சம்மதம் என்ற பொருளே இல்லை.

முதல் தடவை சிறையில் சூசையைப் பார்த்தபோது அவன் கம்பிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவளுக்கு வெவரம் பத்தாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"எந்த வெவரம் மேடம்?"

"இந்த வெவரம்தான்."

அவன் தரையைப் பார்த்தான். "அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தோம்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே பயமாகவும் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி நன்றாகப் பேசிய ஒருவனை நான் வெளியே கொண்டுவந்தேன். அவனோடு வாழப் போன பெண்ணை அடுத்த தடவை பார்த்தது ஆஸ்பத்திரியில், தாடையில் கம்பி போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து நல்லவன் மாதிரி பேசுகிற எவனையும் நான் நம்புவதில்லை. சூசை நல்லவனா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அவனுக்காக வாதாட வேண்டியிருந்தது.

புஷ்பத்தை ஸ்டீபன் வீட்டில் பார்த்தேன். வேலைக்குப் போகக் கூடாது என்று அண்ணன் நிறுத்திவைத்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பின் நூலை உருவிக்கொண்டே இருந்தாள். நான் ஏழெட்டுக் கேள்விகளை மூச்சுவிடாமல் கேட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசியில் அவளே ஒன்று கேட்டாள்.

"அக்கா, நான் எப்ப வேலைக்குப் போறது?"

ஸ்டீபன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா இறந்தபிறகு தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகவே துறைமுக வேலையில் இரவு ஷிஃப்டை வேண்டாம் என்று சொன்ன மனிதர். அவருடைய பயம் நிஜமான பயம்.

அந்தச் சமயத்தில்தான் நெற்றியில் மாட்டுகிற துணைப்பட்டைக்குச் சட்ட அனுமதி வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஒன்றே ஒன்று. அதை இயக்கத் தெரிந்த பெனாசிர் என்ற பெண் எனக்கு விளக்கினாள்.

"இது அறிவை ஊத்துற மிஷின் இல்ல மேடம். நமக்கு ஒரு யோசனையைக் கையில புடிச்சுக்கிட்டே அடுத்த யோசனையைப் பாக்க முடியும். அவங்களுக்கு ரெண்டாவதை எடுக்கும்போது மொதல் யோசனை நழுவிரும். இது நழுவாம புடிச்சுக்கும். லேசான கரண்ட்தான். எண் அறுபதைத் தாண்டிரும்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். அதுக்கு மேல போனா வலிப்பு வரலாம். அடுத்த தடவை மாட்டணும்னா மூணு மாசம் பொறுக்கணும்."

"கழட்டினப்புறம்?"

"பழையபடிதான். பேசினது ஞாபகம் இருக்கும். ஏன் அப்படிப் பேசினோம்ங்கிறது இருக்காது."

பட்டையோடு, அறுபதுக்கு மேல் எண் காட்டும்போது, கோர்ட்டில் ஒருவர் சொல்வது சட்டப்படி அவருடைய சொந்த வாக்கு. ஏற்கெனவே நடந்ததற்கும் அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம். எனக்குப் பாதை தெளிவாகத் தெரிந்தது. பட்டையை மாட்ட வேண்டும், அவள் சம்மதம் என்று சொல்ல வேண்டும், சூசை வெளியே வர வேண்டும்.

விண்ணப்பத்தில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். ஸ்டீபன் மறுப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவரோ பேனாவை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார்.

"பட்டையைப் போட்டா எந்தங்கச்சிக்கு வெளங்கும் மேடம். அந்தப் பய என்ன பண்ணிருக்கான்னு அவளே சொல்லுவா."

ஒரே காகிதத்தில், ஒன்றுக்கொன்று எதிரான ஆசையோடு, நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். புஷ்பம் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு பட்டை மாட்டுவார்கள், வலிக்காது என்று நானே சொன்னேன். தலையாட்டினாள்.

வழக்கு செவ்வாய்க்கிழமை காலை. மூடிய விசாரணை. உள்ளே ஏழு பேர்தான். நீதிபதி கோமதிநாயகம் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. எதையும் அவசரப்படாமல் எழுதுகிறவர் என்று பெயர். அரசு வக்கீல் திரவியம், என் ஜூனியராக ஒரு காலத்தில் இருந்து என்னைவிட நன்றாகச் சம்பாதிப்பவர். ஸ்டீபன் பின் பெஞ்சில். சூசை கூண்டில். எழுத்தர் இல்லை, பதிவுக் கருவி மட்டும். புஷ்பத்தை என் பக்கத்தில் உட்காரவைத்து பெனாசிர் பட்டையை நெற்றியில் பொருத்தினாள்.

சுவரில் இருந்த திரையில் எண் ஏறியது. நாற்பத்தேழு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டில் சிறிது நேரம் நின்றது. அறுபத்துமூன்று. அறுபத்தாறு.

புஷ்பத்தின் விரல்கள் சேலை நூலை விட்டன. நிமிர்ந்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வொருவர் முகத்திலும் கொஞ்சம் நின்று நின்று பார்த்தாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

"அந்தக் கடிகாரம் சரியா ஓடுதா?" என்றாள்.

"ஓடுது அம்மா" என்றார் நீதிபதி.

"அப்ப பதினொன்னு அம்பதுக்கு முடிஞ்சிரும். கேளுங்க."

குரல் அதேதான். ஆனால் வாக்கியங்களுக்கு முடிவு இருந்தது.

நான் எழுந்தேன். "சூசை வீட்டுக்குப் போனது யாரோட முடிவு?"

"எம்முடிவுன்னு சொன்னா உங்களுக்கு வசதி. அவ முடிவு அக்கா."

"எவ?"

"நாப்பத்தேழு."

திரவியம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் அவசரமாக இரண்டு கேள்விகள் கேட்டேன். சூசை அடித்தானா? இல்லை. பயமுறுத்தினானா? இல்லை. அத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அங்கே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

திரவியம் எழுந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"புஷ்பம், இப்ப உங்க எண் அறுபத்தாறு. சட்டப்படி நீங்க எங்க எல்லாரையும் போல. இப்பச் சொல்லுங்க. இந்த ஆளோட வாழ உங்களுக்குச் சம்மதமா?"

அவள் சூசையைப் பார்த்தாள். அவன் கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"இல்ல" என்றாள்.

பின்னால் ஸ்டீபன் விம்மும் சத்தம் கேட்டது. மரச்சட்டத்தைப் பிடித்திருந்த சூசையின் கையில் நரம்பு புடைத்தது.

"ஏன்னு சொல்ல முடியுமா?"

"அவர் நல்ல மனுசன்தான் சார். ஆனா சொன்னதையே சொல்லிக்கிட்டு இருப்பார். அந்த ரூம்புல ஒரு ஜன்னல்தான். எனக்கு இப்ப இந்த ஊரே சின்னதாத் தெரியுது. எதையாவது படிக்கணும்னு இருக்கு. எங்கயாவது ரயிலேறிப் போகணும்னு இருக்கு. என்னால அங்க ஒரு நாள் இருக்க முடியாது."

"இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்ல ஐயா" என்று திரவியம் உட்கார்ந்தார். பாவம் பார்த்து என் பக்கம் திரும்பாமல் இருந்தார்.

பதில் தெரியாத கேள்வியைக் கோர்ட்டில் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பால பாடம். என்னிடம் பதில் தெரிந்த கேள்வி ஒன்றுகூட மிச்சம் இல்லை. எழுந்து நின்றேன்.

"அன்னைக்கு, அவர்கூடப் போனப்போ, போகணும்னு ஆசை இருந்துச்சா?"

"அவளுக்கு இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது பொய்யில்ல அக்கா. யாரும் சொல்லிக்குடுத்து வந்ததும் இல்ல."

நீதிபதி குறுக்கிட்டார். "கொஞ்சம் பொறும்மா. நீ 'அவ, அவ'ங்கிறே. சட்டப்படி இப்ப நீ பேசுறதுதான் உன் பேச்சு. இப்ப நீ வேண்டாம்னு சொன்னா, நான் அதைத்தான் எழுதணும். இந்த ஆளுக்குப் பத்து வருசம். அது தெரியுதா?"

"தெரியுது ஐயா. அதான் சொல்லுதேன்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் வந்து பதினெட்டு நிமிசம் ஆகுது. இன்னும் இருவத்திரெண்டு நிமிசத்துல போயிருவேன். நாளைக்குக் காலையில எந்திரிக்கப் போறவ அவ. அந்த ரூம்புக்கோ எங்கண்ணன் வீட்டுக்கோ போயி இருக்கப் போறவ அவ. நான் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டா, அந்த வேண்டாமை யாரு சொமக்குறது? அவளுக்கு மொதல்ல எங்கண்ணனைக் காப்பாளரா வச்சீங்க. அது பத்தாதுன்னு இப்ப என்னையக் கூப்புட்டுருக்கீங்க. நானும் இன்னொரு காப்பாளர்தான் ஐயா. அவளை மாதிரியே மூஞ்சி இருக்கிற காப்பாளர்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதை மாட்டவான்னு நீங்க அவகிட்டக் கேக்கல."

"சொன்னேனேம்மா..."

"சொன்னீங்க. வலிக்காதுன்னு சொன்னீங்க. கேக்கல." பட்டையின் ஓரத்தைத் தொட்டாள். "வலிக்குது அக்கா. மாட்டும்போது இல்ல. இம்புட்டையும் பாத்துட்டுத் திரும்பிப் போகணும்ல, அது வலிக்குது. போனப்புறம் எதுக்கு அழுதோம்னுகூட எனக்குத் தெரியாது."

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நீதிபதி திட்டியிருக்கிறார், கட்சிக்காரன் செருப்பைக் கழற்றியிருக்கிறான். அப்போதெல்லாம் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. அன்று வெட்கத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்காக உலகத்தையே எதிர்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் தலைக்குள் ஒருத்தியைக் கொண்டுவந்து, திரும்ப அனுப்பப் போகிறேன்.

"அவகிட்டக் கேளுங்க" என்றாள் நீதிபதியிடம். "தெரியாதவ இல்ல அவ. ஆனா ஒண்ணொண்ணாக் கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் அடுத்ததைக் கேக்கக் கூடாது. எல்லாரும் சுத்தி நிக்கக் கூடாது. அந்த மையத்துல இருவது நிமிசத்துல அறுவது கேள்வி கேட்டாங்க. அவ ரெண்டாவது கேள்விக்குப் பதில் யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ முடிஞ்சிட்டுன்னு தொப்பியைக் கழட்டிட்டாங்க."

இரண்டு கையையும் தூக்கிப் பட்டையைப் பிடித்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு!" என்று பெனாசிர் ஓடிவந்தாள். "திடீர்னு எடுக்காதீங்க, மெதுவா..."

"மெதுவா எடுத்தா மனசு மாறிரும்" என்று புஷ்பம் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

திரையில் எண் விழுந்தது. அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது. நாற்பத்தேழில் நின்றது. அவள் முகம் அழுதுகொண்டிருந்தது. அதைக் கையால் தொட்டு, ஈரத்தைப் பார்த்து, குழம்பி, என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

திரவியம் எழுந்தார். "ஐயா, எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எண் அறுபத்தாறு இருக்கும்போது 'இல்ல'ன்னு பதிவாகியிருக்கு. இனி நாற்பத்தேழுல என்ன பேசினாலும் சட்டத்துல அது சத்தம்தான், சாட்சியம் இல்ல."

நீதிபதி மேசையின் இழுப்பறையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். மூலச் சட்டம். நாங்கள் எல்லோரும் வைத்திருப்பது விதிகளின் தொகுப்பு. எண்ணுக்கு நேரே என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று அட்டவணை போட்ட சின்னப் புத்தகம். கோர்ட்டுக்கு அது போதும். மூலச் சட்டத்தை யார் பிரிக்கிறார்கள்?

"மேடம், மூணாவது பிரிவை எப்பக் கடைசியாப் படிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சட்டம் வந்த வருசம் ஐயா."

"திரவியம் சார்?"

திரவியம் இருமினார்.

"நானும் நேத்து ராத்திரிதான் படிச்சேன்" என்றார் நீதிபதி. "வரையறையில எண்ணே கெடையாது. இந்தா எழுதியிருக்கு. 'மனத்திறன் என்பது எடுக்கப்படும் அந்தக் குறிப்பிட்ட முடிவைப் பொறுத்தது. அந்த முடிவுக்கு வேண்டிய செய்தியைப் புரிந்துகொள்ளல், முடிவெடுக்கும் வரை மனத்தில் வைத்திருத்தல், சீர்தூக்கல், ஏதேனும் ஒரு வழியில் தெரிவித்தல்.' அவ்வளவுதான். தேவையான உதவியும் நேரமும் கொடுத்துப் பாக்காம ஒருத்தருக்குத் திறன் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னும் இருக்கு. அறுபதுங்கிறதை விதி எழுதினவங்க வேலை சுலபமாகட்டும்னு போட்டிருக்காங்க. நாமளும் சுலபமா இருக்குன்னு புடிச்சுக்கிட்டோம்."

சட்டம் படித்த மூன்று பேர் இருந்த அறை அது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாற்பத்தேழு என்ற எண்ணில் முடித்துவிட்டு, சட்டம் வந்த எட்டு வருடத்தையும் வரையறையைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம்.

கோமதிநாயகம் மேடையை விட்டு இறங்கி வந்தார். எங்களையெல்லாம் பின் சுவர் வரை போகச் சொன்னார். புஷ்பத்துக்கு எதிரே இல்லாமல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"புஷ்பம், நான் சில கேள்வி கேக்கலாமா? வேண்டாம்னா விட்டுருதேன்."

நேரம் போனது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்து நூற்றுப்பத்தில் விட்டேன்.

"கேளுங்க" என்றாள்.

"சூசை வீட்டுக்கு ஏன் போனே?"

இந்தத் தடவை நாலு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். திரவியம் ஒரு கால் மாற்றி நின்றார். எனக்கு அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாம் போல நாக்கு துடித்தது.

"அங்க கதவைப் பூட்டலாம்."

பழைய வழக்கின் தாடைக் கம்பி கண்முன்னால் வந்தது. நீதிபதியின் குரல் மாறவில்லை.

"யாரு பூட்டுவா?"

"நான்."

"எங்கேயிருந்து?"

"உள்ள இருந்து. அண்ணன் வீட்டுல என் ரூம்புக்குத் தாழ்ப்பா இல்ல. யாரும் வந்துருவாங்க. சீலை மாத்தும்போதும் வருவாங்க."

ஸ்டீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சூசைகூட ஒண்ணாப் படுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

வெகுநேரம் கழித்து, "புள்ள வரும்" என்றாள்.

"வந்தா?"

"இப்ப வராது. ஊசி போட்டுருக்கேன். மூணு மாசத்துக்கு ஒருக்க. நர்ஸம்மாகிட்ட நான் போயிக் கேட்டேன். எனக்குப் புள்ள வளக்கத் தெரியாது. கத்துக்கிட்டுப் பெத்துக்கிடலாம்னு சூசைகிட்டச் சொன்னேன்."

திரவியம் கையைத் தூக்கப் போனார். பிறகு இறக்கிவிட்டார்.

"கடைசியா ஒண்ணு" என்றார் நீதிபதி. "கொஞ்ச நேரம் முன்னாடி, தலையில பட்டை இருந்தப்போ, சூசைகூட இருக்க முடியாதுன்னு சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப என்ன சொல்லுத?"

புஷ்பம் மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தாள். மறுபடி சேலை நூலை உருவ ஆரம்பித்தாள். நானும் திரவியமும் சுவரோரமாக நின்றோம். ஸ்டீபன் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜெபம் என்று நினைக்கிறேன். கூண்டுக்குள் சூசை கண்ணை மூடியிருந்தான்.

"அவங்களுக்கு வேண்டாம்" என்றாள் கடைசியில். "அவங்க படிக்கப் போறாங்க. எனக்கு வேணும்."

நீதிபதி மேடைக்கு ஏறிப் போய்ச் சொந்தக் கையால் எழுதினார். இந்தக் குறிப்பிட்ட முடிவுக்கு இந்தப் பெண்ணுக்குத் திறன் உண்டு, அன்றும் இருந்தது, எனவே குற்றம் இல்லை. மேல்முறையீடு செய்வோம் என்று திரவியம் சொன்னார். சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியே வந்தபோது என் கையைக் குலுக்கவும் செய்தார்.

ஸ்டீபன் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தார்.

"சின்னப் புள்ளையில ஒருநா உள்ள பூட்டிக்கிட்டுத் தொறக்கத் தெரியாம அழுதா மேடம். கதவை ஒடச்சுத்தான் எடுத்தோம். அதான் தாழ்ப்பாளைக் கழட்டுனேன். அவ வளந்துட்டா, திரும்ப மாட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது என் தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கேன். நாளைக்கு அந்தப் பய அவளை ஏதாவது பண்ணிட்டா, யாரு பொறுப்பு? நீங்களா, ஜட்ஜ் ஐயாவா?"

அவள் முடிவெடுக்கத் தெரிந்தவள் என்று நிரூபித்திருந்தோம். அந்த முடிவைக் கேட்டு நடக்கிற மனிதனா அவன் என்று கோர்ட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் எந்தப் பட்டை அதைச் சொல்லும்?

மறுநாள் மதியம் சூசையை விட்டார்கள். புஷ்பத்தை என் காரில் கூட்டிப்போனேன். வரியா என்று கேட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, அவள் வாரேன் என்று சொன்னபிறகுதான். ஸ்டீபனும் வந்தார். தங்கையைத் தனியே விட அவருக்கு மனமில்லை. எனக்கும் அவர் கூட இருப்பது ஆறுதலாகத்தான் இருந்தது.

சிறை வாசலில் வெயில் கொளுத்தியது. சின்னக் கதவு திறந்து சூசை ஒரு துணிப்பையோடு வெளியே வந்தான். உள்ளே எழுபத்துமூன்று நாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றான். புஷ்பத்திலிருந்து நாலடி தள்ளியே நின்றான்.

"வீட்டுக்குப் போவமா?" என்றான்.

புஷ்பம் யோசித்தாள். ஒரு மணல் லாரி போனது, தூசி அடங்கியது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லேன் புஷ்பம் என்று வாய்வரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்காகவா இவ்வளவு பாடு? ஆனால் அடுத்த நொடி நான் பார்த்தது அவளை இல்லை, அவனை. அவன் கையை, தாடையை, கண்ணை. ஸ்டீபனும் ஒரு காலை முன்னால் வைத்து, பாயத் தயாராக அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசையின் முகம் வாடியது. அதை அவன் மறைக்கவில்லை. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"சரி" என்றான். "நாளைக்கு வரட்டா?"

மறுபடி அவள் யோசிக்கிற நேரம். அவனுக்கு அந்த நேரம் பழகியிருந்தது. வெயிலில் நின்றுகொண்டு, தலையைக்கூடச் சொறியாமல், காத்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம."

"சரி. ஞாயித்துக்கெழம" என்றான். எனக்கும் ஸ்டீபனுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டான். ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான். பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.

ஏன் இன்னைக்கு வேண்டாம் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. புஷ்பம் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, தூசிக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஸ்டீபன் மட்டும் வெயிலிலேயே நின்றார். பஸ் போன திசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னுட்டா" என்றார். "அவன் போயிட்டானே மேடம்."